ஒரே தகரம், இரண்டு விதமாய்ச் சுருட்டினால் எதில் நெல் கூடப் பிடிக்கும்?

வயல்காரன் (வட்டக்கச்சி)
காலபோக விதைநெல்லைத் தனியாகக் காயவைத்து எடுத்திருக்கிறேன். சாக்கில் வைத்தால் எலி விடாது, போன வருடம் பாதியைத் தின்றுவிட்டது. வீட்டில் நெளியில்லாத தகரம் கிடக்கிறது, 8 அடிக்கு 4 அடி. அதைச் சுருட்டி அடி போட்டு உருளையாக ஒரு தொட்டி அடிப்போம் என்று யோசனை. நீளப்பாட்டைச் சுற்றிவரச் சுருட்டினால் 4 அடி உயரத்தில் கட்டையாய், அகலமாய் வரும். மற்றப் பக்கம் சுருட்டினால் ஒடுங்கி 8 அடி உயரத்துக்கு நிற்கும். மச்சான் சொல்கிறான், தகரம் ஒன்றுதானே, எப்படிச் சுருட்டினாலும் ஒரே நெல்தான் பிடிக்கும், ஒடுக்கமாய்ச் செய்தால் அறையில் இடம் மிச்சம் என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவனுக்குச் சொல்லவும் தெரியவில்லை. கணக்குத் தெரிந்த ஆட்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கோ. எத்தனை புசல் என்றும் தெரிய வேண்டும்.

மாங்குளத்தான்
மச்சான் சொல்வதுதான் சரி. 32 சதுர அடித் தகரம் எப்படி மடக்கினாலும் 32 சதுர அடிதான், அதில் மாற்றம் வர வழியில்லை. மற்றது, 8 அடித் தொட்டிக்குள் நெல் கொட்ட ஏணி வைக்க வேணும் அண்ணை, அதையும் யோசியுங்கோ. யானை வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

கணக்குரீச்சர் (முள்ளியவளை)
தம்பி மாங்குளத்தான், பரப்பளவு மாறாது என்பது சரி, கனவளவு மாறும். வடிவாகப் பாருங்கோ.

உருளையின் கனவளவு என்றால் அடி வட்டத்தின் பரப்பளவை உயரத்தால் பெருக்குவது. அடி வட்டத்தின் பரப்பளவு பை (π, ஏறத்தாழ 3.14) × ஆரை × ஆரை. ஆரை அங்கே இரண்டு தரம் வருகிறது, உயரம் ஒரு தரம்தான் வருகிறது. முழுக் கதையும் அதுக்குள்தான் இருக்கிறது.

முதலாவது சுருட்டல்: பரிதி 8 அடி. 8 ஐப் பையால் வகுத்தால் விட்டம் 2.55 அடி, அதாவது 2 அடி 6½ அங்குலம். அடிப் பரப்பு 5.09 சதுர அடி. உயரம் 4 அடி. கனவளவு 20.37 கன அடி.

இரண்டாவது சுருட்டல்: பரிதி 4 அடி, விட்டம் 1.27 அடி, அதாவது 1 அடி 3¼ அங்குலம். அடிப் பரப்பு 1.27 சதுர அடி. உயரம் 8 அடி. கனவளவு 10.19 கன அடி.

சரி பாதி. ஒரு கன அடி 28.3 லீற்றர், ஒரு புசல் 36.37 லீற்றர். ஆகவே கட்டைத் தொட்டியில் 15.9 புசல், நெட்டைத் தொட்டியில் 7.9 புசல். நெல் புசலுக்கு 46 இறாத்தல், கிட்டத்தட்ட 21 கிலோ என்று எடுத்தால் ஒன்றில் 330 கிலோ, மற்றதில் 165 கிலோ.

மாங்குளத்தான்
ரீச்சர், எண் சரியாய்த்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தகரத்துக்குள் மற்ற 8 புசலும் எங்கே ஒளித்திருந்தது? சூத்திரம் சொல்லாமல் சொல்லுங்கோ.

பம்பைமடு
நான் சொல்லிப் பார்க்கிறேன். நெட்டைத் தொட்டியை நடுவில் குறுக்கே வெட்டுங்கோ. 4 அடி உயரத்தில் இரண்டு ஒடுங்கின உருளை கிடைக்கும், ஒவ்வொன்றின் பரிதியும் 4 அடி. இரண்டையும் நெடுக்கே பிளந்து விரித்து, ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டிச் சுருட்டினால் 8 அடிப் பரிதியுள்ள கட்டைத் தொட்டி. தகரம் ஒரு துண்டும் கூடவில்லை. ஆனால் பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, விட்டப்பாட்டுக்கு மட்டுமட்டாய் நிற்கும், மேலேயும் கீழேயும் வெறும் இடம் கிடக்கும். அந்த வெறும் இடம் சின்ன வட்டங்கள் இரண்டும் பிடிக்கிற அளவுக்கே சமன். உங்கட 8 புசல் அங்கேதான்.

இந்தக் கேள்வி பழசு. கலிலியோ 1638 இல் வந்த தன் நூலில் இதையேதான் எழுதியிருக்கிறார், அதுவும் தானியத்தை வைத்தே. அங்கே மர அடி வைத்துத் துணியைச் சுற்றித் தைத்துத் தானியச் சாக்கு செய்வார்களாம். ஒரு பக்கம் 6 முழமும் மறுபக்கம் 12 முழமுமாக உள்ள துணி என்றால், 12 முழத்தை அடியைச் சுற்றிவர விட்டு 6 முழத்தை உயரமாக வைத்தால்தான் கூடக் கொள்ளும் என்கிறார். வளைபரப்பு சமனான இரண்டு உருளைகளில் கனவளவு உயரத்துக்கு நேர்மாறாகப் போகும். உயரம் பாதியானால் கொள்ளளவு இரண்டு மடங்கு. வயல்காரன் அண்ணையின் தகரமும் 8 க்கு 4, அதே விகிதம்.

வயல்காரன் (வட்டக்கச்சி)
மச்சானுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "கலிலியோவுக்கு வட்டக்கச்சியில் காணி இருக்கோ" என்று கேட்கிறான். சரி, கட்டையாகவே அடிப்போம். வேலையில் கவனிக்க வேண்டியது என்ன?

பரந்தன்_தகரவேலை
ரீச்சரின் கணக்கு தகரம் ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்கிற கணக்கு. வேலையில் அப்படி ஏலாது, பொருத்துக்கு ஒரு அங்குலமாவது மேலேறப் போட வேணும். 96 அங்குலத்தில் ஒரு அங்குலம் போனால் பரிதி 95. நூற்றுக்கு ஒன்று குறைந்தது போலத் தெரியும், ஆனால் ஆரை இரண்டு தரம் பெருகுவதால் கொள்ளளவு நூற்றுக்கு இரண்டு குறையும். அடியில் மடிக்கிறதுக்கும் உயரத்தில் கொஞ்சம் போகும். ஆகவே 15 புசல் என்று வைத்துக்கொள்ளுங்கோ, 16 க்கு ஆசைப்பட வேண்டாம்.

அடிக்கும் மூடிக்கும் வேறு தகரம் வேணும். 8 க்கு 4 தகரத்தில் இரண்டு வட்டமும் வரும், மடிப்புக்கு விட்டு வெட்டினாலும் மிச்சம் இருக்கும். வட்டம் வெட்டினால் வீண்போகும் என்று மனதில் வையுங்கோ. சதுரத்துக்குள் பெரிய வட்டம் எடுத்தாலும் மூலைகளில் நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேலே கழிவு. மூலைத் துண்டை எறியாதீர்கள், கைபிடிக்கும் வாய்த்தட்டுக்கும் உதவும்.

தகரத்தின் தடிப்பையும் பாருங்கோ. அகலமான தொட்டியில் நெல் வெளியே தள்ளுவதால் சுவரில் சுற்றிவர வரும் இழுவை கூட. ஆரை இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்துக்குச் சுற்றுவட்ட இழுவையும் இரண்டு மடங்கு. நெடுக்கே வரும் பொருத்துத்தான் அந்த இழுவையைத் தாங்குவது, அதனால் அதை நல்லாய் மடித்து அடிக்க வேணும். கனபேர் அடியைத்தான் கவனிப்பார்கள், பிரிவது பக்கப் பொருத்து.

பம்பைமடு
தகரவேலை அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரண்டு முனையும் மூடிய உருளைக்குள் அழுத்தம் இருந்தால் சுற்றுவட்ட இழுவை நெடுக்கு இழுவையைப்போல இரண்டு மடங்கு. அதனால்தான் தண்ணீர்க் குழாய் வெடித்தால் பெரும்பாலும் நெடுக்கே பிளக்கிறது, குறுக்கே இரண்டாய் முறிவதில்லை. நெல் விடயத்தில் ஒரு நல்லது உண்டு, அது தண்ணீர் மாதிரி உயரம் கூடக் கூட அதே வீதத்தில் அடியை அழுத்தாது. சுவரோடு உரசி பாரத்தில் ஒரு பங்கைச் சுவரே ஏற்கும். யான்சன் (Janssen) என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1895 இலேயே அளந்து எழுதிவிட்டார்.

வயல்காரன் (வட்டக்கச்சி)
அப்ப இன்னும் கட்டையாய், இன்னும் அகலமாய்ச் செய்தால் இன்னும் கூடப் பிடிக்குமோ? தகரத்தை இரண்டாய் வெட்டி நீட்டி 16 அடிப் பரிதி, 2 அடி உயரம்?

கணக்குரீச்சர் (முள்ளியவளை)
பிடிக்கும், மறுபடி இரண்டு மடங்கு. ஆனால் அடியும் மூடியும் என்ன ஆகிறது என்று பாருங்கோ. விட்டம் 5 அடிக்கு மேலே போய்விடும், ஒவ்வொரு வட்டத்துக்கும் 20 சதுர அடிக்கு மேலே தகரம். சுற்றுச்சுவரை மட்டும் பார்த்தால்தான் அகலம் இலாபம். அடி, மூடி, சுவர் மூன்றையும் கூட்டி மொத்தத் தகரத்துக்கு அதிக கொள்ளளவு கேட்டால் விடை வேறு: உயரமும் விட்டமும் சமனாக இருக்க வேண்டும். மூடியில்லாத தொட்டி என்றால் உயரம் ஆரைக்குச் சமன்.

உங்கள் கட்டைத் தொட்டி விட்டம் 2.55, உயரம் 4. மூடியோடு மொத்தத் தகரம் 42.2 சதுர அடி. அதே 42.2 சதுர அடியை உயரமும் விட்டமும் சமனாக, ஏறத்தாழ 3 அடிக்கு 3 அடியாகச் செய்தால் 21 கன அடி வரும். உங்களுடையது 20.4. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. அதற்காகத் தகரத்தை வெட்டி ஒட்டி இன்னொரு பொருத்து வைப்பது புத்தி இல்லை. நல்ல அளவுக்கு அருகே வந்துவிட்டால் கொஞ்சம் விலகினாலும் பெரிய நட்டம் இல்லை, தூரம் போனால்தான் அடிக்கும். மச்சானின் நெட்டைத் தொட்டியின் மொத்தத் தகரத்துக்கு 15.6 கன அடி வரை எடுத்திருக்கலாம், அது பிடிப்பது 10.2 தான்.

நெல்லின் ஈரத்தையும் பாருங்கோ அண்ணை. விதைநெல் என்பதால் நூற்றுக்கு 13 க்குக் கீழே காய்ந்த பிறகு போடுங்கோ, தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கோ. பகலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து நெல் பழுதாகும். எந்தச் சூத்திரமும் அதைக் காப்பாற்றாது.

தரம்11_நெடுங்கேணி
ரீச்சர் இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ரியூசனில் ஒரு சண்டை. ஒயிலரின் தொடர்பில் உச்சிகளையும் முகங்களையும் கூட்டினால் விளிம்புகளைவிட 2 கூட வர வேணும். உருளைக்கு உச்சி 0, முகம் 3, விளிம்பு 2. கூட்டினால் 3, விளிம்பு 2, வித்தியாசம் 1 தான். ஒயிலர் பிழையோ உருளை பிழையோ?

கணக்குரீச்சர் (முள்ளியவளை)
இரண்டும் சரி மகள். அந்தத் தொடர்பு தட்டையான முகங்களும் நேர் விளிம்புகளும் உள்ள திண்மங்களுக்குச் சொன்னது, உருளையை அப்படியே கொண்டுபோய் வைத்தால் நிற்காது. ஆனால் தகரவேலை அண்ணையின் தொட்டியைப் பாருங்கோ. அதில் நெடுக்கே ஒரு பொருத்து இருக்கிறது. அந்தப் பொருத்தை ஒரு விளிம்பாக எண்ணினால், அது மேல் வட்டத்தையும் கீழ் வட்டத்தையும் தொடும் இடங்கள் இரண்டு உச்சி. இப்போது உச்சி 2, முகம் 3, விளிம்பு 3. ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் 2. விரித்தால் தட்டையாகும்படி வெட்டிவிட்டால் ஒயிலர் வந்துவிடுவார். பரீட்சையில் வெறும் உருளைக்குக் கேட்டால் 3 முகம், 2 விளிம்பு, உச்சி இல்லை என்றே எழுதுங்கோ.

ஒட்டுசுட்டான்_மேசன்
நல்ல கதை போகுது. எனக்குக் கிணற்று வளையம் ஊற்றுகிற வேலை. உள்விட்டம் 4 அடி, தடிப்பு 3 அங்குலம், உயரம் 2 அடி. எவ்வளவு கலவை வேணும் என்று ஒவ்வொரு தரமும் ஒரு குத்துமதிப்பில்தான் போகிறது. வெளி உருளையில் இருந்து உள் உருளையைக் கழிக்க வேணும் என்று தெரியும், வெயிலுக்குள் நின்று அதைப் போட ஏலாது. குறுக்கு வழி இருக்கோ?

பம்பைமடு
இருக்கு அண்ணை, அதுவும் கிட்டத்தட்ட என்றில்லை, அச்சொட்டாக. வளையச் சுவரின் நடுவால் போகும் விட்டத்தை எடுங்கோ. உள்விட்டம் 4 அடி, வெளிவிட்டம் 4½ அடி, நடு 4¼ அடி. அதைப் பையால் பெருக்கினால் நடுப்பரிதி 13.35 அடி. தடிப்பு கால் அடி, உயரம் 2 அடி. மூன்றையும் பெருக்க 6.68 கன அடி. வெளியிலிருந்து உள்ளைக் கழித்தாலும் அதே 6.68 தான் வரும், வளையத்தை வெட்டி நேராக்கினால் உள்பக்கம் நீளுகிற அளவும் வெளிப்பக்கம் சுருங்குகிற அளவும் சமன் என்பதால்.

கொங்கிறீற் கனமீற்றருக்கு ஏறத்தாழ 2400 கிலோ. அந்த ஒரு வளையம் 450 கிலோவுக்குக் குறையாது. கயிற்றைக் கட்டி நாலு பேர் இறக்குகிற வேலை இல்லை, பாரந்தூக்கி ஒன்றை வையுங்கோ.

ஒட்டுசுட்டான்_மேசன்
நடுப்பரிதி × தடிப்பு × உயரம். இது போதும், சுவரில் எழுதி வைக்கிறேன்.

பெரிய கிணற்றுக்கும் சொல்லிவிடுகிறேன், தோட்டக்காரர் கேட்பார்கள். 12 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்றால் 113 கன அடி, 3200 லீற்றர். அதையே 15 அடியாக அகலித்தால் ஒரு அடிக்கு 5000 லீற்றர். 3 அடி கூட்டினதுக்கு ஒன்றரை மடங்குக்கு மேலே. கட்டுகிற சுவர் கால்வாசிதான் கூடும், ஆனால் வெட்டுகிற மண் தண்ணீரைப் போலவே ஒன்றரை மடங்குக்கு மேலே கூடும். காசு கேட்கும்போது ஆட்கள் சுவரை மட்டும் பார்த்துச் சண்டை பிடிக்கிறார்கள்.

பரந்தன்_தகரவேலை
உருளையைப் பற்றி இவ்வளவு கதைத்துவிட்டு முழங்கையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. பீலியில் இருந்து தண்ணீர் இறங்குகிற 4 அங்குலக் குழாயைத் தொண்ணூறு பாகைக்குத் திருப்ப வேணும் என்று வையுங்கோ. இரண்டு குழாயையும் நாற்பத்தைந்து பாகையில் சரித்து வெட்டிப் பொருத்தினால் முழங்கை. ஆனால் சுருட்டின பிறகு வெட்டப் போனால் ஒருநாளும் சரியாய் வராது, தகரம் தட்டையாய் இருக்கும்போதே வெட்டிவிட வேணும். புதுப் பெடியன்கள் தட்டைத் தகரத்தில் நேர்கோட்டில் சரித்து வெட்டுவார்கள், சுருட்டினால் வாய் கோணி நிற்கும்.

முறை இதுதான். பரிதி 12.57 அங்குலம், அதைப் பன்னிரண்டு சம பங்காகக் கோடு போடுங்கோ. நடு உயரத்தில் ஒரு கோடு. முதல் கோட்டில் அந்த நடுவில் இருந்து 2 அங்குலம் மேலே புள்ளி, அடுத்ததில் 1.73, அடுத்ததில் 1, அடுத்ததில் நடுவிலேயே, பிறகு 1 கீழே, 1.73 கீழே, 2 கீழே. அங்கேயிருந்து அதே வரிசையில் திரும்பி ஏறுங்கோ. புள்ளிகளை வளைவாய்ச் சேர்த்தால் ஒரு அலை வரும். அந்த அலையில் வெட்டிச் சுருட்டுங்கோ, சரிந்த வாய் மேசையில் வைத்தால் ஒரு இடமும் தூக்காமல் படிந்து நிற்கும். எனக்கு என் மாமா காட்டித் தந்தது, ஏன் அப்படி வருகிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பம்பைமடு
அண்ணை, நீங்கள் வெட்டுவது சைன் வளைகோடு. உங்கள் 2, 1.73, 1, 0 எல்லாம் 0, 30, 60, 90 பாகைகளின் கோசைனை ஆரை 2 ஆல் பெருக்கின எண்கள். உருளையைச் சரித்து வெட்டினால் வெட்டு முகம் நீள்வட்டம், அதே ஓரத்தைத் தட்டையாய் விரித்தால் சைன் அலை.

இது உருளைக்கு வாய்க்கிறதுக்குக் காரணம், அது ஒரு பக்கம் வளைந்தாலும் மற்றப் பக்கம் நேராகவே இருப்பது. அடியில் இருந்து மேலே ஒரு நேர் மட்டக்கோலை வைத்தால் முழுக்கப் படியும். அதனால் தகரம் இழுபடாமல், சுருங்காமல் உருளையாகும். பந்து வடிவத்துக்கு அப்படி ஒரு நேர்கோடும் கிடையாது, அதுதான் கும்பம் மாதிரி எதையும் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சரிந்து வெட்டின உருளையின் கனவளவுக்கும் பயப்பட வேண்டாம். மிக உயர்ந்த பக்கத்தையும் மிகத் தாழ்ந்த பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அதை அடிப் பரப்பால் பெருக்கினால் முடிந்தது.

மாங்குளத்தான்
நான் மச்சானின் கட்சியில் இருந்து விலகுகிறேன். வேறு ஒரு கேள்வி. கோடையில் எங்கள் பக்கம் பவுசரில் தண்ணீர் வரும். தாங்கி படுத்திருக்கிற உருளை. ஓட்டுகிறவர் தடியை விட்டுப் பார்த்து, கால்வாசி உயரத்துக்கு நனைந்திருந்தால் கால்வாசித் தண்ணீர் இருக்கு என்கிறார். ஆனால் கடைசி வீடுகளுக்கு எப்பவும் காணாமல் போகிறது.

கணக்குரீச்சர் (முள்ளியவளை)
நிற்கிற உருளையில்தான் கால்வாசி உயரம் கால்வாசித் தண்ணீர். படுத்தால் அடியில் ஒடுக்கம், நடுவில் அகலம். கால்வாசி உயரத்தில் இருப்பது முழுத் தாங்கியின் 19.5 வீதம்தான், 25 இல்லை. பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு நனைந்திருந்தால் 5 வீதம்தான் மிச்சம். அரைவாசியில் மட்டும் தடியும் தண்ணீரும் ஒத்துப்போகும். அரைவாசிக்கு மேலே போனால் மாறி நடக்கும், முக்கால் உயரத்தில் 80 வீதம் இருக்கும்.

உண்மையான கால்வாசிக்குத் தடியில் உயரத்தின் 29.8 வீதத்தில் கோடு போட வேண்டும். 4 அடித் தாங்கி என்றால் அடியில் இருந்து 14¼ அங்குலத்தில் கால், 24 இல் அரை, 33¾ இல் முக்கால்.

மாங்குளத்தான்
ரீச்சர், எங்கள் பவுசர் வட்டம் இல்லை, முட்டை மாதிரிச் சப்பளிந்தது. அப்ப இந்தக் கோடுகள் சரிவராதே?

பம்பைமடு
சரிவரும். நீள்வட்டம் என்பது வட்டத்தைப் பக்கவாட்டில் இழுத்தது. ஒவ்வொரு உயரத்திலும் அகலம் ஒரே மடங்கால் கூடுகிறது, தண்ணீர்ப் பங்கும் முழுப் பங்கும் சேர்ந்தே கூடும், ஆகவே விகிதம் மாறாது. தாங்கியின் உள் உயரத்தை அளந்து அதில் 29.8, 50, 70.2 வீதங்களில் கோடு போடுங்கோ. முனைகள் புடைத்திருந்தால் கொஞ்சம் பிசகும், தண்ணீர் பங்கிடுகிற வேலைக்கு அது பாதகமில்லை.

மாங்குளத்தான்
சரி. தடியை ஒருக்கா வாங்கிக் கோடு போட்டுக் கொடுக்கிறேன். ஓட்டுகிறவர் எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, நான் சொன்னால் கேட்க மாட்டார், ரீச்சர் சொன்னது என்று சொல்லப்போகிறேன்.